‘கொடுத்தவர்’ என்ற பத்தியில் என் பெயர்

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கடையில் 14 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். என் கணவர் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், வண்டன்மேட்டுக்கு அருகில், குத்தகைக்கு எடுத்த ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். சனிக்கிழமை இரவு கம்பம்மெட்டு வழியாக இறங்கி வருவார். திங்கட்கிழமை விடியுமுன் ஜீப்பில் ஏறிவிடுவார். காய் எடுப்புக் காலத்தில் சில வாரங்கள் அந்தச் சனிக்கிழமையும் இல்லாமல் போகும். வீட்டில் நான், என் மாமியார், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன். இந்த விவரங்களை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கைப்பேசி பிள்ளைகளிடம் போன ஒவ்வொரு தருணத்திலும், அங்கே இருந்திருக்க வேண்டிய ஒரு பெரியவர் இல்லை, அல்லது இருந்தும் கை ஒழியவில்லை.

2019 ஆகஸ்டில் என் மகனுக்கு இரண்டு வயது. முந்தைய ஆண்டு வெள்ளத்தில் செடிகள் அழிந்து, அதன்பின் மழையும் பொய்த்துப்போனதால், அந்த மாதம் இடுக்கியில் உள்ள புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஏலம் கணினி வழியாக நடப்பதால் விலை சுடச்சுட வாட்ஸ்அப்பில் வந்துவிடும். கைப்பேசி ஒலித்தால் அப்பா சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவதையும், அம்மா குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்ப்பதையும் கண்டு வளர்ந்த குழந்தைக்கு, வீட்டிலேயே விலை மதிப்புள்ள பொருள் அதுதான் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஊட்டும்போது ஒரு வாய் சோற்றுக்கு ஒரு பாட்டு என்று நானும் அவனைப் பழக்கிவிட்டேன். உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. என் மகன் சாப்பாட்டு வேளையில் மட்டுமே அந்த ஒரு மணி நேரத்தை முடித்துவிடுவான்.

ஒரு நாள் அவன் என் மாமியாரிடம் “பானி, பானி” என்று அழுதான். அவர் பானை கேட்கிறான் என்று நினைத்து, பொங்கலுக்கு வாங்கிய சிறு பானையை எடுத்து அவன் முன்னால் வைத்தார். அவன் பானையைத் தள்ளிவிட்டு இன்னும் பலமாக அழுதான். யூடியூப்பில் ஒன்று முடிந்து இன்னொன்று தானாக ஓடி, எங்கோ இந்தியில் பேசும் பொம்மைக் காணொளிகளுக்குப் போய் நின்றிருக்கிறது என்பதும், பிள்ளை தண்ணீர் கேட்கிறான் என்பதும் மாலையில் நான் வந்த பிறகுதான் புரிந்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ‘தண்ணி’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் யாரும் அவனிடம் போதுமான அளவு பேசவில்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. குமுளியும் கம்பம்மெட்டும் அடைக்கப்பட்டபோது என் கணவர் மேலே மாட்டிக்கொண்டார்; 72 நாள் இறங்க முடியவில்லை. தோட்டத்துப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. இரவு 8.30 மணிக்கு அவர் ஒரு பாறை மேல் ஏறி நின்று அழைப்பார், நாங்கள் நால்வரும் திரை முன்னால் உட்காருவோம். அப்பா எங்கே என்று பையன் கேட்கும்போதெல்லாம் கைப்பேசியைக் காட்டினோம். ஜூன் மாதம் அவர் வீடு வந்து சேர்ந்த இரவு, குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மணி 8.30 ஆனதும் பையன் உள்ளே போய்க் கைப்பேசியை எடுத்து வந்து என் மடியில் வைத்து, “அப்பா கூடப் பேசணும்” என்றான். எதிரில் உட்கார்ந்திருந்தவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அதே ஆண்டு மகளுடைய படிப்பும் திரைக்கு மாறியது. பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும், வீட்டுப்பாடம் ஆசிரியரின் வாட்ஸ்அப் குழுவிலும் வந்தன. வண்டிப்பெரியாற்றில் இருக்கும் என் அக்காவின் பிள்ளைகளுக்கு ஜூன் 1 முதலே கேரள அரசின் விக்டர்ஸ் கல்வி அலைவரிசை வழியாக ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கியிருந்தன. தமிழ் வழி மாணவர்களுக்கும் அதில் பாடம் தயாரித்தார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் 1 ஆயிற்று. அந்த ஒன்றரை ஆண்டில், ‘போனைக் கீழே வை’ என்று சொல்லும் உரிமையைப் பெற்றோர்களாகிய நாங்கள் இழந்துவிட்டோம். படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால் அதற்கு மேல் வாதம் இல்லை.

பள்ளி திறந்த பிறகு அந்த உரிமையை மீட்க நான் செய்தவை எல்லாம் தோற்றன. கைப்பேசியை பீரோ மேல் ஒளித்து வைத்தேன். நாற்காலி மேல் முக்காலியைப் போட்டுப் பையன் ஏறிவிட்டான், அவன் விழாமல் இருந்தது தெய்வச்செயல். ஒரேயடியாக நிறுத்தினேன், மூன்று நாள் சாப்பாட்டைத் தட்டிவிட்டான், நான்காம் நாள் அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கோடு இழுத்துத் திறக்கும் பூட்டைப் போட்டேன். சமையல் செய்த கையால் நான் திறந்ததில் கண்ணாடி மேல் எண்ணெய்த் தடம் படிந்திருக்கும். கைப்பேசியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அந்தத் தடத்தின் மேலேயே விரலை ஓட்டி ஆறு வயதுப் பிள்ளை திறந்துவிட்டான். பிறகு கைரேகைப் பூட்டுக்கு மாறினேன். அவசரத்துக்கு உதவும் என்று மாமியாரின் ரேகையையும் அதில் பதிந்து வைத்தது என் தவறு. மதியம் அவர் அயர்ந்து தூங்கும்போது பையன் அவர் வலக்கைப் பெருவிரலை மெல்ல எடுத்து அதன் மேல் வைத்து எடுத்திருக்கிறான். இதைப் பல வாரம் கழித்து என் மகள் சொல்லித்தான் அறிந்தேன்.

2023 நவம்பரில் வகுப்பாசிரியர் அழைத்து, பையன் கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்குகிறான் என்றார். தேனியில் ஒரு கண் மருத்துவமனையில் காட்டியபோது இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25 என்று வந்தது. கைப்பேசிதான் காரணமா என்று நான் கேட்டதற்கு மருத்துவர் நேராக ஆமாம் என்று சொல்லவில்லை. பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும், நானோ எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவள். மணிக்கணக்கில் அருகில் வைத்துப் பார்ப்பதும் படிப்பதும் ஒரு காரணம். பகல் வெளிச்சத்தில் இல்லாமல் இருப்பது அதைவிடக் கவனிக்க வேண்டிய காரணம் என்று அவர் விளக்கினார். வீட்டு விளக்கில் சில நூறு லக்ஸ் வெளிச்சமே கிடைக்கும். வெளியே மரநிழலில் நின்றால்கூடப் பல ஆயிரம் லக்ஸ். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து, வளரும் வயதில் கண்விழி அளவுக்கு மீறி நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பதால், தைவானில் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க வைக்கிறார்கள் என்றார். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்வதையும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்க வேண்டியதையும் சொல்லி அனுப்பினார். எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்று அவர் கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. கடையில் ஐம்பது கிராம் காய் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவளுக்கு இது பெரிய தலைகுனிவாக இருந்தது.

ஆகவே, டிசம்பரில் கடையிலிருந்து ஒரு நீள நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, ஐந்து பத்தி போட்டு, கூடத்து ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். எடுத்த நேரம், வைத்த நேரம், என்ன பார்த்தான், ஏன், கொடுத்தவர். ஒரு வாரம் எதையும் தடுக்க வேண்டாம், எழுதினால் போதும் என்று எல்லோரிடமும் சொன்னேன். எழுதத் தெரியாத மாமியார், தான் கொடுத்தபோதெல்லாம் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட்டார்.

ஏழு நாளில் 46 பதிவுகள். மொத்தம் 22 மணி 50 நிமிடம். ‘கொடுத்தவர்’ பத்தியைக் கூட்டியபோதுதான் எனக்கு வியர்த்தது. நான் கொடுத்தது 19, மாமியார் 14, என் மகள் 4, சனி ஞாயிறு மட்டும் வீட்டிலிருந்த என் கணவர் 3. அவனாக எடுத்தது வெறும் 6. ‘ஏன்’ என்ற பத்தியில் சமையல், விருந்தாளி, தூக்கம், கடையிலிருந்து அழைப்பு, சோறு ஊட்ட, அழுதான் என்று வரிசையாக இருந்தது. மாலை 6.30 முதல் 8 மணி வரை மட்டும் பாதியை நெருங்கிய நேரம். அதாவது, நான் வேலையிலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைக்கும் நேரம். என் கைப்பேசியில் பயன்பாட்டுக் கணக்கைத் திறந்தால், அது எனக்கு நாளுக்கு 4 மணி 10 நிமிடம் காட்டியது. கடை வேலை என்று தாராளமாகக் கழித்த பிறகும் பாதிக்கு மேல் மிஞ்சியது. இந்தச் சிக்கலில் இருக்கும் எந்தப் பெற்றோருக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஒரு வார எழுத்தைத்தான். பூட்டும் செயலியும் அதற்குப் பிறகு.

அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் முதலில் மாற்றினேன். பையனை அடுக்களைக்குள் கூட்டி வந்து, சின்ன வெங்காயமும் மொச்சையும் உரிக்கக் கொடுத்தேன். முதல் பத்து நாள் சமையல் நேரம் இரட்டிப்பானது, தரை முழுக்கத் தோல். அவன் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே குழம்பு வைப்பது சுகமான வேலை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்; கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தாளிப்பதுதான் சுகம். ஏழு மணிக்கு மேல் அவனை மாமியார் எடுத்துக்கொண்டார். அவர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் கீறி ஆடுபுலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். பேரன் என்று விட்டுக்கொடுக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. தொடர்ந்து எட்டு நாள் தோற்ற பையன், ஒன்பதாம் நாள் ஓர் ஆட்டைக் காலுக்கு அடியில் ஒளித்து வைத்துப் பிடிபட்டான். “அப்பத்தா, நீ பாக்கலன்னு நெனச்சேன்” என்று அவன் சொன்னது, பல மாதங்களில் அவன் அவரைப் பார்த்துப் பேசிய முழு வாக்கியம்.

நிமிடக் கணக்கில் நிறுத்தச் சொல்வதையும் விட்டேன். ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்றால் கதை நடுவில் அறுபடும், சண்டை வரும். வார நாளில் ஒரு கதை, விடுமுறை நாளில் மூன்று என்று பேசிக்கொண்டோம். கதையை முன்கூட்டியே இறக்கி வைத்து, இணையத்தை அணைத்துவிட்டு, கைப்பேசியில் அல்லாமல் தொலைக்காட்சியில் போடுகிறோம். திரை தூரத்தில் இருக்கிறது, யாராவது கூட உட்கார முடிகிறது. தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்தேன். குறுங்காணொளிகளை மட்டும் முழுமையாக நிறுத்தினோம், ஏனென்றால் அவற்றுக்கு ‘முடிந்தது’ என்ற இடமே இல்லை.

வெளிச்சத்துக்கு வழி தெருக்கோடியில் உள்ள நெல் களம். பள்ளி விட்டு வந்ததும் 4.30 முதல் 6 வரை அங்கே சைக்கிள், பம்பரம், சும்மா ஓட்டம். மாமியார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். எங்கள் அடுத்த வீட்டுப் பெண் அதிகாலையில் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி மேலே காய் எடுக்கப் போனால், திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அவருடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளியிலிருந்து வந்து, கதவைத் திறந்து, கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளிடம் அதைக் கொடுக்காதீர்கள் என்று ஒருநாள் நான் அறிவுரை சொன்னபோது அவர், “மதினி, போன் இல்லன்னா பிள்ளைக வீட்டுக்கு வந்துச்சா இல்லையான்னு மேல இருந்து எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. வீட்டில் ஒரு மாமியார் இருக்கிற வசதியில் நின்றுகொண்டு நான் பேசியிருக்கிறேன். பிறகு இருவருமாக யோசித்து, அந்தப் பிள்ளைகளிடம் அழைக்க மட்டும் ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தோம், பெரிய கைப்பேசி அவரோடு மலைக்குப் போகிறது. பிள்ளைகள் இருவரும் மாலையில் களத்தில் என் மாமியார் கண்பார்வையில் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து வரும்போது அவர் கைப்பிடி காந்தாரி மிளகாய் கொண்டுவந்து கொடுப்பார்.

இடையில் பணமும் போனது. கடைக்கு அனுப்பும்போது வசதியாக இருக்கட்டும் என்று மகளிடம் என் யுபிஐ ரகசிய எண்ணைச் சொல்லி வைத்திருந்தேன். தம்பி கேட்க, அவள் சொல்ல, ஒரு விளையாட்டில் நாணயம் வாங்கியதாக 2,340 ரூபாய் கழிந்தது. இப்போது பணச் செயலிகள் இருக்கும் கைப்பேசியைப் பிள்ளைகள் தொடுவதில்லை, பழைய கைப்பேசியில் எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியையும் இதற்குப் பயன்படுத்தலாம். பிள்ளையிடம் சொன்ன ரகசிய எண் ரகசிய எண் அல்ல என்பதைக் கணக்கு எழுதுகிறவளே மறந்துபோனேன்.

மகளுடைய கதை வேறு. ஒன்பதாம் வகுப்புக்குக் கைப்பேசி இல்லாமல் முடியாது. வினாத்தாள், அறிவிப்பு, தோழிகள் எல்லாம் அதில்தான். அவளுக்குப் பூட்டுப் போடுவது சரியல்ல என்பது என் எண்ணம். சென்ற ஆண்டு தெரியாத எண்ணிலிருந்து ஒருவன் அவள் படத்தை அனுப்பி, பேசச் சொல்லித் தொல்லை கொடுத்திருக்கிறான். அவள் என்னிடம் சொன்னது ஐந்தாம் நாள். ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “சொன்னா போனப் புடுங்கிருவீங்கன்னு பயமா இருந்துச்சும்மா” என்றாள். அவளை அந்த ஐந்து நாள் தனியாக நிற்க வைத்தது நான் தம்பியிடம் காட்டிய கெடுபிடி. அந்த எண்ணை அழிக்காமல், வந்த செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமித்து வைத்து, பிறகு தடுத்தோம். மீண்டும் வந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும், குழந்தைகளுக்கான 1098க்கும் சொல்வது என்று எழுதி ஒட்டினோம். என்ன சொன்னாலும் அதற்காகக் கைப்பேசியைப் பறிக்க மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அதன்பின் இரண்டு முறை, எனக்குப் பிடிக்காத விஷயங்களையே வந்து சொன்னாள்; இரண்டு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

இரவு 9 மணிக்கு எல்லோருடைய கைப்பேசியும் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே சார்ஜில் நிற்கும். அலாரத்துக்கு வேண்டும் என்ற சாக்கு வராமல் இருக்க 250 ரூபாய்க்கு ஒரு மேசைக் கடிகாரம் வாங்கினேன். இந்த விதியை முதல் மாதம் அதிகம் மீறியவள் நான்தான், நோட்டில் இருக்கிறது.

எல்லா வீட்டிலும் இது நோட்டோடு தீர்வதில்லை. அக்கா ஊரில் தெரிந்த ஒரு பையன் மாதக்கணக்கில் பள்ளிக்குப் போகாமல், இரவெல்லாம் விளையாடி, தடுத்தால் கை ஓங்கும் நிலைக்கு வந்தான். உலக சுகாதார நிறுவனம் இத்தகைய விளையாட்டு மோகத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதைக் கெட்ட பழக்கம் என்று அடித்துத் திருத்த முயல்வது வீண். கேரளத்தில் காவல்துறையே ‘டி-டாட்’ என்ற பெயரில் பிள்ளைகளுக்கு ஆலோசனை மையங்கள் நடத்துகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நம் பக்கத்தில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

நோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது, இது மூன்றாவது. பையனுடைய நேரம் சாதாரண வாரங்களில் 6 மணி நேரத்தை ஒட்டி நிற்கிறது. காய் எடுப்பு உச்சத்தில், எனக்குக் கடையில் இரவாகிவிடும் வாரங்களில், 11 வரை ஏறுகிறது. கண் பவர் சென்ற பரிசோதனையில் ஏறவில்லை. இப்போது வேறொரு தொல்லை. தவறவிட்ட தொலைக்காட்சித் தொடரைக் கைப்பேசியில் பார்க்கலாம் என்று என் மாமியாருக்கு யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஆடுபுலி ஆட்டத்தில் தோற்கப்போகும் நிலை வந்தால் பையன் ஓடிப்போய் அதை எடுத்து அவர் கையில் வைத்துவிடுகிறான். போன வார நோட்டில், அவன் கையெழுத்திலேயே, ‘கொடுத்தவர்’ பத்தியில் அவன் பெயர் ஒன்பது முறை இருக்கிறது.